வளவுக் கறிவேப்பிலையை உலர்த்திச் சேமிப்போம்

காணி பார்க்கப் போய்த் திரும்புகிறவர்களின் சைக்கிள் கரியரில் ஓர் உரப்பை கட்டியிருப்பதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். பையின் வாயைத் திறந்தால் உள்ளே கறிவேப்பிலை. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு, 2009இன் பின்னர் காணிகள் பகுதி பகுதியாகவே விடப்பட்டன. இத்தனை ஆண்டுகளுக்குப் பின் வளவுக்குள் போனவர்கள் பலர் வீட்டின் அத்திவாரத்தைக்கூடத் தேடவேண்டியிருந்தது. ஆனால் கிணற்றடியில் அம்மா வைத்த ஒற்றைக் கறிவேப்பிலை, வேரிலிருந்து கன்று வெடித்து வெடித்து ஒரு பற்றையாகி நின்றது. வன்னியில் 2008, 2009ஆம் ஆண்டுகளில் ஊரை விட்டுப் போய்த் திரும்பியவர்களும் இதேபோன்ற கதைகளைச் சொல்வார்கள்.

ஆசையோடு முறித்துக் கட்டிக்கொண்டு வந்த இலைக்கு மூன்றாம் நாள் என்ன நடக்கிறது? அயலுக்குக் கொஞ்சம் கொடுக்கிறோம், கறிக்குக் கொஞ்சம் போடுகிறோம். மிகுதி பைக்குள்ளேயே கறுத்து, அவிந்து, குப்பைக்குப் போகிறது. அடுத்த கிழமை சந்தையில் அதே இலையைக் காசு கொடுத்து வாங்குகிறோம். தங்கியிருக்கும் இடத்தில் மரம் இல்லாதவர்களுக்கு இது சிறிய இழப்பு அல்ல.

ஒரு பை பச்சை இலையை ஆறு மாதமாவது கெடாமல் வைத்திருக்க என்ன செய்யலாம் என்பதே இந்தப் பாடம். இதற்கு இயந்திரம் தேவையில்லை. ஒரு சுளகு, ஒரு வெள்ளைத் துணி, இறுக்கமான மூடியுள்ள இரண்டு போத்தல்கள், ஒரு கிழமைப் பொறுமை ஆகியவை போதும்.

உலர்த்தல் நமக்குப் புதிதல்ல

பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்து ஒடியலாக்கியவர்கள் நாம். மிளகாயைச் செத்தலாக்குவதும், வேப்பம்பூவை வடகத்துக்கு உலர்த்துவதும், மீனைக் கருவாடாக்குவதும் நமது வீடுகளில் நடந்த வேலைகளே. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டபோது, தோட்டத்துப் பயிரையோ மரத்துக் காயையோ கொண்டுபோக முடியவில்லை. தூக்கக்கூடியதாக இருந்தவை காய்ந்த சாமான்களே. காய்ந்தது பாரமில்லை, அழுகாது, கூட வரும். இந்த அனுபவம் நம்மிடம் உண்டு. அதைக் கறிவேப்பிலைக்கும் பயன்படுத்தலாம்.

ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. மிளகாயையும் ஒடியலையும் வெயிலில் போடுகிறோம். கறிவேப்பிலையை வெயிலில் போடக்கூடாது. இதற்கான காரணத்தை விளங்கிக்கொண்டால் மற்ற எல்லாம் இலகுவாகிவிடும்.

இலைக்குள் இருப்பது என்ன?

ஓர் இலையை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசி முனையளவு புள்ளிகள் தெரியும். தேசி இலையிலும் தோடை இலையிலும் இவ்வாறே தெரியும், ஏனென்றால் கறிவேப்பிலையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இப்புள்ளிகள் வாசனை எண்ணெய் தங்கியிருக்கும் சிறு பைகள். இந்த எண்ணெய் சூட்டில் ஆவியாகிப் போய்விடும். நேர் வெயிலில் இரண்டு நாள் கிடந்த இலை மொறுமொறுவென்று காய்ந்திருக்கும், ஆனால் நிறம் வெளிறி வைக்கோல் மணம் வீசும். இலையில் இருக்கும், நமது உடலில் விற்றமின் ஏ ஆக மாறும் சத்தும் வெயில் வெளிச்சத்தில் பெருமளவு அழிந்துவிடும்.

இலையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நீர். இந்த நீர் இருக்கும்வரை பூஞ்சணமும் கிருமியும் வளரும். ஆகவே நாம் செய்யவேண்டிய வேலை ஒன்றுதான்: வாசனையைப் போகவிடாமல் நீரை மட்டும் போகவிட வேண்டும். இந்த வேலையைச் செய்வது நிழலும் காற்றும்.

எப்போது, எப்படிப் பறிப்பது?

நமது பகுதியில் ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மாரி மழை. மழை ஓய்ந்து தை பிற்பகுதி, மாசி, பங்குனியில் மரம் செழித்து நிற்கும், காற்றிலும் ஈரம் குறையும். உலர்த்துவதற்கு இதுவே நல்ல காலம். பின்னர் சோளகக் காற்று வீசும் மாதங்களிலும் நன்றாகக் காயும், ஆனால் தண்ணீர் ஊற்றாத மரத்தில் அப்போது இலை குறைந்திருக்கும்.

பறிக்கும்போது கவனிக்கவேண்டியவை:

1. காலையில் பனி ஈரம் காய்ந்த பின், வெயில் ஏறுமுன் பறியுங்கள்.

2. முற்றிய கரும்பச்சை இலையை எடுங்கள். இளந்தளிர் காயும்போது சுருங்கிக் கறுத்துவிடும். மஞ்சள் இலையில் வாசனை இல்லை.

3. ஒரே மரத்தை மொட்டையாக்க வேண்டாம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல், கொப்பின் நுனியை நறுக்கி எடுத்தால் பக்கத்தில் புதுக் கொப்புகள் வெடிக்கும்.

4. தேசி மரத்தைத் தின்னும் வண்ணத்துப்பூச்சிப் புழு கறிவேப்பிலைக்கும் வரும். முட்டையும் எச்சமும் பட்ட இலைகளை விலக்குங்கள். மரத்துக்கோ பக்கத்துத் தோட்டத்துக்கோ மருந்து அடித்திருந்தால், அண்மையில் அடித்த இலையைப் பறிக்கவே வேண்டாம். காய்வதனால் நஞ்சு போய்விடாது.

5. பையில் அமுக்கி அடைக்காதீர்கள். நெருங்கிக் கிடக்கும் பச்சை இலை தன் சூட்டிலேயே அவியும். கடகத்திலோ உமலிலோ தளர்வாக வைத்து ஈரத் துணியால் மூடிக் கொண்டுவாருங்கள். வீட்டுக்கு வந்ததும் உடனே பரவிவிட வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். மிதிவெடி அகற்றி முடிந்ததென்று அறிவிக்கப்படாத காணிக்குள் இலைக்காகவோ விறகுக்காகவோ இறங்க வேண்டாம். நமது சொந்த வளவாக இருந்தாலும் இறங்க வேண்டாம். பற்றை மூடிய இடத்தில் எச்சரிக்கைப் பலகை விழுந்து கிடந்திருக்கலாம். சந்தேகம் இருந்தால் கிராம அலுவலரிடம் கேட்டறிந்த பின்னரே போங்கள்.

கழுவி உலர்த்தும் முறை

இலையை நெட்டோடு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி இரண்டு தடவை அலசுங்கள். ஊறவிட வேண்டாம். கையில் பிடித்து உதறி, துணியில் பரவி, மேலிருக்கும் நீர் வற்றும்வரை ஒரு மணி நேரம் விடுங்கள். அதன்பின் இரண்டு முறைகளில் ஒன்றைக் கையாளலாம்.

முதலாவது முறை, கட்டித் தொங்கவிடுதல். எட்டுப் பத்து நெட்டுகளை ஒன்றாகக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். கட்டு பெரிதானால் நடுவிலுள்ள இலைக்குக் காற்றுப் படாது, அங்கேதான் பூஞ்சணம் தொடங்கும். ஒரு கட்டுக்கும் மறு கட்டுக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். காய ஏழு முதல் பத்து நாள் எடுக்கும்.

இரண்டாவது முறை, உருவிப் பரவுதல். இலைகளை நெட்டிலிருந்து உருவிச் சுளகிலோ பாயின்மேல் விரித்த வெள்ளைத் துணியிலோ ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரவுங்கள். காலையும் மாலையும் கையால் புரட்டிவிடுங்கள். மேலே மெல்லிய துணி போட்டால் தூசியும் ஈயும் அண்டாது. நல்ல காற்றுள்ள நாட்களில் மூன்று முதல் ஐந்து நாளில் காய்ந்துவிடும்.

இடத்தைத் தெரிவு செய்வதில்தான் பலர் தவறு விடுகிறார்கள். தறப்பாள் கொட்டிலுக்குள் பகலில் சூடும் ஈரமும் சேர்ந்து அடைந்து நிற்கும், அங்கே இலை காயாது, அவியும். தகரக் கூரையின் அடியில் தொட்டுக்கொண்டு தொங்கவிட்டால் நடுப்பகல் சூட்டில் வாசனை போய்விடும். அடுப்புக்கு மேலுள்ள பரண் விதை வைக்க நல்ல இடம். இலைக்கு அது கூடாது, ஏனென்றால் புகை மணத்தை இலை உறிஞ்சிக்கொள்ளும். இரு பக்கமும் காற்று ஓடுகின்ற தாழ்வாரமோ ஓலை வேய்ந்த கொட்டிலின் வாசற்புறமோ மிகச் சிறந்தது. அதுவும் இல்லாதவர்கள் மரநிழலில் இரண்டு கம்பு நட்டுக் கொடி கட்டலாம். எங்கே உலர்த்தினாலும் பொழுதுபட்டதும் உள்ளே எடுத்துவிடுங்கள். பகல் முழுவதும் விட்ட ஈரத்தை இலை ஓர் இரவுப் பனியில் திரும்பக் குடித்துவிடும்.

காய்ந்துவிட்டதா? மூன்று சோதனைகள்

கை சோதனை: ஓர் இலையை விரல்களுக்கிடையில் கசக்குங்கள். சருகுபோல் நொருங்கித் தூளாக வேண்டும். வளைந்தால் காயவில்லை.

நெட்டுச் சோதனை: இலை காய்ந்தாலும் நெட்டுக்குள் ஈரம் நிற்கும். முறிக்கும்போது டக்கென்று ஒடிய வேண்டும்.

போத்தல் சோதனை: காய்ந்ததாக நினைக்கும் இலையைச் சுத்தமான கண்ணாடிப் போத்தலில் இட்டு மூடி, இரண்டு மூன்று நாள் வையுங்கள். தினமும் பாருங்கள். உட்புறக் கண்ணாடியில் புகார்போல் ஈரம் படிந்தால் உடனே கொட்டி மறுபடியும் உலர்த்துங்கள். ஒன்றும் படியாவிட்டால் இலை சேமிப்புக்குத் தயார்.

இந்த மூன்றாவது சோதனையை நாங்கள் படித்தது ஒரு நட்டத்தின் பின்னர்தான். முதன்முறை உலர்த்தியபோது நான்காம் நாள் இலை நன்றாக நொருங்கியது. அவசரப்பட்டு நெட்டோடு சேர்த்து ஒரு பெரிய பால்மாப் பேணி நிறைய அடைத்தோம். மூன்று கிழமை கழித்துத் திறந்தபோது புழுங்கல் மணம். அடியில் வெண்பூஞ்சணம். நெட்டுக்குள் இருந்த ஈரம் முழுப் பேணியையும் கெடுத்துவிட்டது. தகரப் பேணியாக இருந்தபடியால் வெளியிலிருந்து பார்த்து அறியவும் முடியவில்லை. மேலே கிடந்த நல்ல இலையைப் பொறுக்கி எடுக்கலாமா என்று யோசித்தோம். எடுக்கவில்லை, முழுவதையும் எருக்குழியில் கொட்டினோம். சிலவகைப் பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. சமைத்தாலும் வெயிலில் போட்டாலும் அழியாது. பூஞ்சணம் கண்ட சாமானைக் காயவைத்துப் பாவிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்குமானால் அதை விட்டுவிட வேண்டும்.

அடைத்து வைத்தல்

* கண்ணாடிப் போத்தல் முதல் தரமானது. ஜாம் போத்தலைக் கழுவிக் கொதிநீர் ஊற்றி எடுத்து, முழு நாள் வெயிலில் காயவிடுங்கள். மூடியின் உட்புறமும் காய்ந்திருக்க வேண்டும். மண்ணெண்ணெயோ பயிர்மருந்தோ இருந்த போத்தலை எத்தனை முறை கழுவினாலும் உணவுக்குப் பாவிக்கக்கூடாது.

* இலை சூடாக இருக்கும்போது அடைக்காதீர்கள். ஆறவிட்டு அடையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும்.

* முழு இலையாகவே அடையுங்கள். நொருக்கினால் எண்ணெய்ப் பைகள் உடைந்து வாசனை விரைவில் போகும். கறியில் போடும் வேளையில் கசக்கினால் போதும்.

* ஒரு பெரிய போத்தலைவிடச் சிறிய போத்தல்கள் நான்கு நல்லவை. ஒன்றைத் திறந்து பாவிக்கும்போது மற்றவற்றுக்குக் காற்றுப் படாது. ஒன்று பழுதானாலும் மூன்று மிஞ்சும்.

* வெளிச்சம் பட்டால் நிறமும் மணமும் குறையும். போத்தலைக் கடதாசியால் சுற்றி, அடுப்படிச் சூடும் நீராவியும் படாத மூலையில் வையுங்கள்.

* ஒரு தேக்கரண்டி அரிசியைச் சிவக்க வறுத்து ஆறவிட்டு, துணியில் முடிந்து போத்தலின் மேற்பக்கத்தில் வைத்தால், திறந்து மூடும்போது புகும் சிறிதளவு ஈரத்தை அது எடுத்துக்கொள்ளும்.

* பொலித்தீன் பையை மட்டும் நம்ப வேண்டாம். எலியும் எறும்பும் துளைக்கும். வேறு வழி இல்லாவிட்டால் பையை இறுகக் கட்டி, மூடியுள்ள தகரப் பேணிக்குள் வையுங்கள்.

உருவிய பச்சை இலை 1 கிலோவிலிருந்து ஏறக்குறைய 350 கிராம் காய்ந்த இலை கிடைக்கும். நன்றாகக் காய்ந்து நன்றாக அடைத்த இலை ஆறு மாதம் நல்ல மணத்தோடு இருக்கும். ஒரு வருடம் வரை பாவிக்கலாம், ஆனால் மணம் குறைந்துகொண்டு போகும். உள்ளங்கையில் கசக்கி மணந்து பாருங்கள். மணம் இல்லாவிட்டால் அது கறிக்கு உதவாது, எருவுக்கே உதவும்.

மாரியில் என்ன செய்வது?

மழை நாட்களில் நிழலில் காயவைக்க முயன்றால் பூஞ்சணமே மிஞ்சும். அப்போது சமைத்து முடித்த அடுப்பின் தணல் சூட்டைப் பயன்படுத்துங்கள். கழுவி நீர் வற்றிய இலையைத் தாச்சியில் ஒரு கைபிடியளவு மட்டும் போட்டு, மெல்லிய சூட்டில் கை எடுக்காமல் கிளறுங்கள். இலை சலசலக்கத் தொடங்கியதும் இறக்குங்கள். பழுப்பு நிறமாக விடக்கூடாது. இந்த இலையின் மணம் சற்று மாறியிருக்கும். இதை முழு இலையாக வைப்பதைவிடப் பொடியாக்குவது நல்லது.

பொடிக்கு இவ்வாறான இலை 2 சுண்டு, உளுந்து அரைச் சுண்டு, செத்தல் மிளகாய் 8, மிளகு 1 தேக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, அளவான உப்பு வேண்டும். உளுந்தையும் மிளகாயையும் தனித்தனியே எண்ணெய் விடாமல் வறுங்கள். மிளகையும் சீரகத்தையும் கடைசியில் சூடாக்கினால் போதும். எல்லாம் ஆறிய பின் உரலில் இடித்து அரித்துப் போத்தலில் அடையுங்கள். சோற்றுக்கும் பிட்டுக்கும் நல்லது. கறி வைக்க வசதியில்லாத நாளுக்கு ஒரு துணை. ஈரக் கரண்டி போடாமலிருந்தால் இரண்டு மாதம் நிற்கும்.

நமது வறுத்த கறித்தூளும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. மல்லி, மிளகாயோடு கறிவேப்பிலையையும் சேர்த்து வறுக்கும் வீடுகளில், இலை நொருங்கும்வரை வறுத்த பின்னரே தூள் இடிக்கக் கொடுப்பார்கள். ஒரு கைபிடி இலையில் ஈரம் நின்றாலும் ஒரு மாதத்துத் தூள் கட்டிபட்டுப் போகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சமையலில் பாவிக்கும் விதம்

காய்ந்த இலை பச்சை இலைக்கு முற்றிலும் ஈடாகாது, அதை ஒளிக்கத் தேவையில்லை. பச்சை இலை கையில் இருக்கும்போது அதையே பாவியுங்கள். காய்ந்ததைப் பாவிக்கும்போது இரண்டு மாற்றங்கள் தேவை. ஒன்று, தாளிதத்தில் தொடக்கத்தில் போடாதீர்கள். நீர் இல்லாத இலை எண்ணெயில் பட்டதும் கருகிக் கசக்கும். கடுகும் வெங்காயமும் தாளித்து அடுப்பை விட்டு இறக்கும் வேளையில் போடுங்கள், அல்லது கொதிக்கும் குழம்பில் நேரே கசக்கிப் போட்டு மூடுங்கள். மற்றது, மணம் சற்றுக் குறைவாகையால் பத்துப் பச்சை இலை போடும் கறிக்குக் காய்ந்த இலை பதினைந்து போடலாம். பருப்பு, சொதி, ரசம் ஆகியவற்றுக்கு நன்றாகப் பொருந்தும்.

முருங்கையிலைக்கும் இதே முறை

முருங்கையிலையில் நீர் இன்னும் அதிகம். 1 கிலோ இலையிலிருந்து 200 முதல் 250 கிராம் வரையே கிடைக்கும். அது விரைவில் பழுக்கும். ஆகவே முறித்த அன்றே கழுவி உருவிப் பரவிவிட வேண்டும். நிழலில் காய்ந்தால் பச்சை நிறம் மாறாது. காய்ந்ததை இடித்து அரித்துப் போத்தலில் அடையுங்கள். உலர்த்தும்போது விற்றமின் சி பெரும்பாலும் போய்விடும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் போவதில்லை. கஞ்சியையோ கூழையோ இறக்கும் வேளையில் ஒரு தேக்கரண்டி தூள் கலந்தால் வளரும் பிள்ளைகளுக்கு நல்லது. கைக்குழந்தைகளின் உணவில் சேர்க்குமுன் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மரம் இல்லாதவர்களுக்கு

பற்றையாகி நிற்கும் கறிவேப்பிலையின் அடியில் வேர்க்கன்றுகள் இருக்கும். மழை தொடங்கும் காலத்தில் ஒரு கன்றைத் துண்டு வேரோடும் மண்ணோடும் கிளப்பி, அடியில் துளையிட்ட வாளியிலோ உரப்பையிலோ நடலாம். பழுத்துக் கறுத்த பழத்தின் விதையையும் போடலாம். ஆனால் சதையை நீக்கி உடனே போட வேண்டும், வைத்திருந்தால் முளைக்காது. காணி யாருடையது என்ற கேள்வி தீராத இடத்திலும் வாளியில் நிற்கும் கன்று நம்முடையது. இன்னொரு இடத்துக்குப் போக நேர்ந்தாலும் அது கூட வரும். அது இலை தரும்வரை போத்தலில் இருக்கும் இலை சமையலுக்கு உதவும்.

போத்தலை அடைத்த பின் ஒரு துண்டுக் கடதாசியில் மாதத்தையும் ஆண்டையும் எழுதி ஒட்டுங்கள். எந்த வளவு இலை என்பதையும் எழுதுங்கள். பழைய போத்தலை முதலில் பாவிக்க இது உதவும். அந்த வளவைக் கண்டிராத பிள்ளைகள் போத்தலை எடுத்துப் பார்த்து, அது எங்கே இருக்கிறது என்று கேட்கவும் கூடும். அப்போது சொல்ல நமக்கு ஒரு வேளை கிடைக்கும்.

கூடிப் பேசுவதற்கு

1. நமது கொட்டிலிலும் வளவிலும் நிழலும் காற்றும் சேர்ந்து கிடைக்கும் இடம் எது? பகலில் மூன்று வேளை நின்று பார்த்துச் சொல்லுங்கள்.

2. நாம் உலர்த்தி வைத்த சாமான்களில் கடந்த மாரியில் பழுதானவை எவை? ஈரம் எந்த வழியால் புகுந்தது?

3. பூஞ்சணம் பிடித்த சாமானை எறிய மனம் வராமல் பாவித்தது உண்டா? இனி என்ன செய்வோம்?

4. ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு மரத்து இலையை உலர்த்துவதானால், பறிப்பது, புரட்டுவது, போத்தல் சேர்ப்பது ஆகிய வேலைகளை எப்படிப் பிரித்துக்கொள்ளலாம்?